தளத்தின் வெப்பமும் வீட்டின் மின்செலவும்



மாடி வீட்டின் படுக்கையறை இரவு பதினொரு மணிக்கும் தணிவதில்லை என்றும், இருக்கும் ஒரு டன் ஏ.சி.யை எடுத்துவிட்டு ஒன்றரை டன் ஐந்து நட்சத்திர ஏ.சி. பொருத்தினால் அந்த வீட்டை ஆற்றல் சிக்கன வீடு என்று சொல்லலாமா என்றும் கேட்டுத் தம்பி செழியன் எழுதிய கடிதத்துக்கு ‘சொல்ல இயலாது’ என்ற விடை மட்டுமே போதும். ஆனால் அக்கேள்வியின் அடியில் கிடக்கும் தவறான எண்ணம் தம்பி ஒருவருக்கு உரியதன்று. வீடு கட்டி விற்பவர்களும் வாங்குபவர்களும் கட்டடப் பொறியியல் கற்றவர்களில் பலரும் அதையே நம்புகிறார்கள். 2006-இல் தொடங்கிய நட்சத்திர முத்திரைத் திட்டம், ஒரு கருவி தான் உண்ணும் மின்சாரத்துக்கு எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அளக்கிறதே தவிர, அந்த வேலை தேவையா என்றும், தேவையை வீட்டின் கூரையும் சுவரும் எவ்வளவு பெருக்குகின்றன என்றும் கேட்பதில்லை. கருவியின் திறன் வேறு, கட்டடத்தின் திறன் வேறு என்ற இந்த வேறுபாடு பிடிபடாதவரை எத்தனை ஏ.சி. மாற்றினாலும் மின்கட்டணச் சீட்டு ஆறுதல் தராது.

‘டன்’ என்ற அளவே இதை விளக்கப் போதுமானது. குளிர்சாதனத் துறையில் ஒரு டன் என்பது எடையைக் குறிப்பதில்லை; 907 கிலோ எடையுள்ள அமெரிக்க டன் பனிக்கட்டி ஒரு நாளில் உருகும்போது சுற்றுப்புறத்திலிருந்து உறிஞ்சும் வெப்பத்தின் வேகத்தைக் குறிக்கிறது, அது ஏறத்தாழ 3,500 வாட். ஆலைகளில் பனிக்கட்டி உறைய வைக்கப்படாத காலத்தில், பாஸ்டன் வணிகரான பிரெடரிக் டியூடர், உறைந்த ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலேற்றி வெப்ப நாடுகளில் விற்றார். 1833-இல் ‘டஸ்கனி’ என்ற கப்பல் 180 டன் பனிக்கட்டியுடன் பாஸ்டனிலிருந்து புறப்பட்டு, நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, நான்கு மாதங்களுக்குப் பிறகு கல்கத்தாவை அடைந்தபோது அதில் சுமார் 100 டன் உருகாமல் இருந்தது. அக்கப்பலில் குளிரூட்டும் இயந்திரம் எதுவும் இல்லை. பனிக்கட்டியைக் காத்தவை பலகைச் சுவர்களும் அவற்றினிடையே அடைத்த மரத்தூள் போன்ற எளிய பொருள்களுமே. அந்த வணிகத்துக்காக 1842-இல் சென்னைக் கடற்கரையில் எழுந்த ஐஸ் ஹவுஸ், பிற்காலத்தில் விவேகானந்தர் தங்கிய இடமாகி, இன்று விவேகானந்தர் இல்லம் என்று வழங்குகிறது. அவ்வழியே பேருந்தில் செல்லும் கட்டடப் பொறியியல் மாணவர்கள், வெப்பத்தை இயந்திரத்தால் வெளியேற்றுவதற்கு முன் அது நுழையாமல் தடுக்கலாம் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று நகரத்தில் வேறில்லை என்பதை அறிந்திருக்க வேண்டும்.

இனி தம்பியின் அறைக்கு வரலாம். ஒரு பொருளின் கனத்தை மீட்டரில் கண்டு அதன் வெப்பக் கடத்துத்திறனால் வகுத்தால் கிடைப்பது அதன் வெப்பத்தடை. மேலும் கீழும் ஒட்டியிருக்கும் காற்றுப் படலங்களின் தடையையும் சேர்த்துக் கூட்டி, ஒன்றை அக்கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பது யூ மதிப்பு, அதாவது உள்ளும் புறமும் ஒரு டிகிரி வேறுபாடு இருக்கையில் ஒரு சதுர மீட்டர் வழியே எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்ற எண். 120 மில்லிமீட்டர் கான்கிரீட் தளத்தின் தடை ஏறத்தாழ 0.08, காற்றுப் படலங்களின் தடை 0.21, ஆகவே வெறும் தளத்தின் யூ மதிப்பு 3.5-ஐ ஒட்டி நிற்கும். கோடையின் நண்பகலில் காற்று 36 டிகிரியாக இருந்தாலும், வெயிலை உறிஞ்சும் சாம்பல்நிறத் தளம் 60 டிகிரிக் காற்று சூழ்ந்திருப்பதைப் போலவே நடந்துகொள்ளும். அறையை 26 டிகிரியில் வைத்திருக்க விரும்பினால் வேறுபாடு 34 டிகிரி. அறை 12 சதுர மீட்டர் என்று கொண்டால், கூரை வழியே மட்டும் நுழையும் வெப்பம் ஏறத்தாழ 1,400 வாட், அதாவது ஒரு டன் ஏ.சி.யின் வலிமையில் ஐந்தில் இரண்டு பங்கு. சுவர், சன்னல், மனிதர், விளக்கு எதுவும் இன்னும் கணக்கில் சேரவில்லை. இது நிலையான வெப்ப ஓட்டத்தைக் கருதிய எளிய கணக்கு. உண்மையில் கான்கிரீட் வெப்பத்தைச் சில மணி நேரம் தன்னுள் தேக்கிவைத்து, வெளியே காற்று குளிரத் தொடங்கிய பின்னும் அறைக்குள் விட்டுக்கொண்டிருக்கும். இரவு பதினொரு மணிப் புழுக்கத்தின் காரணம் அந்தத் தேக்கமே.

இதே கூரையின் மேல் 25 மில்லிமீட்டர் எக்ஸ்ட்ரூடட் பாலிஸ்டைரின் பலகையைப் பரப்பினால், அதன் தடை ஒன்றே ஏறத்தாழ 0.7 என்பதால், யூ மதிப்பு ஒன்றுக்கு அருகே இறங்கி, 1,400 வாட் என்பது 400 வாட்டாகக் குறையும். மாறாக, பலகை எதுவுமின்றி மேற்பரப்பை வெள்ளையாக்கினால் மட்டும், தளம் உணரும் வெப்பநிலை 60-லிருந்து 45-ஐ ஒட்டி இறங்கி, வெப்பம் 800 வாட்டாகும். இரண்டும் சேர்ந்தால் 250 வாட்டைத் தாண்டாது. இவை வெப்பத்தின் வாட்டுகள், மின்சாரத்தின் வாட்டுகள் அல்ல என்பதைக் கணக்கிடும் ஒவ்வொருவரும் நினைவில் கொள்ள வேண்டும், நல்ல ஏ.சி. ஒரு வாட் மின்சாரத்தில் மூன்று வாட்டுக்கும் மேலான வெப்பத்தை வெளியேற்றும் என்பதால், மின்சாரத்தில் மிச்சம் அதற்கேற்பச் சிறுக்கும். ஆயினும் வெப்பம் நுழையாத அறைக்கு ஒன்றரை டன் கருவி தேவைப்படாது, ஒரு டன்னே மிகுதியாகும், பல இரவுகளில் மின்விசிறியே போதும் என்பது நட்சத்திரங்களால் வாங்க முடியாத ஆதாயம்.

இவ்விடத்தில் தமிழ்நாட்டுக் கொத்தனார்களின் பழைய அறிவைச் சற்று நீளமாகவே சொல்லாமல் கடப்பது நன்றியின்மையாகும். மரச்சட்டங்களின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி அமைத்த மெட்ராஸ் டெரஸ் தளத்தில், அந்தக் கலவையைக் கடுக்காய்நீரும் வெல்லநீரும் தெளித்துக் கட்டைகளால் நாள்கணக்கில் தட்டி இறுக்குவது வழக்கம். கான்கிரீட் தளம் வந்த பிறகும் அதே ஜல்லிச் சுண்ணாம்புப் படுகையும் அதன்மேல் தட்டோடும் ‘வெதரிங் கோர்ஸ்’ என்ற பெயரில் தொடர்ந்தன. அதன் முதன்மைப் பயன் ஒழுகாமல் காப்பதும் மழைநீர் ஓட வாட்டம் தருவதும் என்றே பாடநூல்கள் கூறுகின்றன; ஆனால் 75 மில்லிமீட்டர் படுகையும் ஓடும் சேர்ந்து தளத்தின் யூ மதிப்பை 3.5-லிருந்து 2.4 அளவுக்கு இறக்குகின்றன என்பதை அப்பாடநூல்கள் சொல்லத் தவறுகின்றன. வெப்பக் காப்பு என்ற சொல்லை அறியாமலே மூன்றிலொரு பங்கு வெப்பத்தை அந்த மரபு தடுத்துவந்தது. இன்று செலவும் நாளும் மிச்சம் என்று அப்படுகையை விட்டுவிட்டு, வெறும் தளத்தின் மேல் இரசாயன நீர்த்தடுப்புப் பூச்சு மட்டும் பூசி வீட்டை ஒப்படைப்பது பரவிவருகிறது. ஒழுகாத வீடு கிடைக்கிறது. வேகாத வீடு கிடைப்பதில்லை. மாடியில் குடியேறும் குடும்பம் அந்த மிச்சத்தை முப்பது ஆண்டுகள் மின்கட்டணமாகத் திருப்பிச் செலுத்துகிறது. ஆயினும் பழைய படுகையே போதும் என்று வாதிடுவதும் சரியன்று. சதுர மீட்டருக்கு நூறு கிலோவுக்கு மேல் எடை ஏற்றும் அது, அச்சுமைக்காக வடிவமைக்கப்படாத தளத்தின் மேல் பின்னாளில் போடத் தக்கதன்று. அதைச் சேர்த்தாலும் இன்றைய விதி கேட்கும் அளவு எட்டப்படுவதில்லை.

அந்த விதி எது என்பதைப் பட்டம் பெற்றவர்களும் அறியாதிருப்பதே வருத்தம் தருகிறது. 2001-இன் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் வழியே பிறந்த எரிசக்தித் திறன் பணியகம், 2007-இல் வணிகக் கட்டடங்களுக்கும், 2018 டிசம்பரில் ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற பெயரில் குடியிருப்புகளுக்கும் விதித்தொகுப்பு வெளியிட்டது. குடியிருப்பு விதி சுவர்–சன்னல் உறையின் வழியே நுழையும் வெப்பத்துக்கு, குளிர் மண்டலம் நீங்கலாக, சதுர மீட்டருக்கு 15 வாட் என்ற உச்சவரம்பு வைக்கிறது. கூரைக்குத் தனியாக யூ மதிப்பு 1.2-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. வெறும் தளம் 3.5, பழைய படுகையுடன் 2.4, விதியோ 1.2 என்று மூன்று எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், செய்ய வேண்டிய வேலையின் அளவு தெரிந்துவிடும்.

அதே விதி, சென்னை போன்ற வெப்ப ஈர மண்டலத்தில் திறக்கக்கூடிய சன்னல், கதவுப் பரப்பு அறைத்தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது என்றும் கேட்கிறது. இரண்டு கண்ணாடிகள் ஒன்றன்மேல் ஒன்று நகரும் சன்னலில் பாதிப் பரப்பு மட்டுமே திறக்கும். ஆகவே சுவரில் பெரிதாகத் தெரியும் அச்சன்னல் விதியின் கணக்கில் பாதியாகிவிடுகிறது. கீல் வைத்து வெளியே திறக்கும் பழைய மரச்சன்னல் ஏறத்தாழ முழுப் பரப்பையும் காற்றுக்குத் தருகிறது. 1991-இல் மக்கள் குடியேறிய, ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரிலுள்ள முதல் பாசிவ் ஹவுஸ் காற்றுப் புகாத உறையால் புகழ்பெற்றது. அந்த உறை அங்கே உறைபனிக் குளிருக்கு விடை. அதைப் பார்த்து மதுரையிலும் திருச்சியிலும் சன்னல்களை அடைத்துக் கண்ணாடிப் பெட்டிகள் எழுப்புபவர்கள், அந்த வீட்டின் கணக்கை விட்டுவிட்டுத் தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

விதி யாரைத் தொடுகிறது என்பதே உண்மையான குறை. 2018-இன் எக்கோ நிவாஸ் சம்ஹிதா 500 சதுர மீட்டரோ அதற்கு மேலோ உள்ள மனைகளுக்கே பொருந்தும் என்று வரையறுத்தது. தமிழ்நாட்டில் ஒரு கிரவுண்ட் என்பது 2,400 சதுர அடி, அதாவது 223 சதுர மீட்டர். இரண்டு கிரவுண்ட் மனையும் அந்த வரம்பை எட்டுவதில்லை. அரைக் கிரவுண்டிலும் ஒரு கிரவுண்டிலும் கட்டப்படும் தனி வீடுகளும் சிறு அடுக்ககங்களும் விதிக்கு வெளியே நின்றுவிடுகின்றன. எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் பெரிய குடியிருப்புகளைச் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவந்தது. அதுவும் 100 கிலோவாட் மின்னிணைப்பு என்ற உயரத்திலிருந்துதான் தொடங்குகிறது, வரம்பைத் தாழ்த்தும் உரிமை மாநிலங்களுக்கு விடப்பட்டிருக்கிறது. தெலங்கானா 2023-இல் அறிவித்த குளிர்கூரைக் கொள்கை, 600 சதுர கஜமும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பு மனைகளுக்கு வெயிலைத் திருப்பும் கூரையைக் கட்டாயமாக்கியது. 600 கஜம் என்பதும் ஏறத்தாழ 500 சதுர மீட்டரே. கூரைக்கான 1.2 என்ற ஒரே விதியையாவது மனை அளவு பாராமல், ஒவ்வொரு கட்டட அனுமதிக்கும் நிபந்தனையாக்குவது அரசுகளின் கடமை. அதைச் சரிபார்க்கப் பெரிய கணினி மென்பொருள் வேண்டியதில்லை. மேலே செய்த கூட்டலும் வகுத்தலும் போதும்.

முன்பே கட்டிய வீடுகளுக்குச் சட்டம் எதுவும் சொல்லாததால், அவற்றைச் சீரமைப்பது வீட்டுக்காரரின் விருப்பத்தில் நிற்கிறது. அங்கே செய்யத் தகாதவை சில உண்டு. காப்புப் பலகையைத் தளத்துக்குக் கீழே பால்ஸ் சீலிங்குக்குள் ஒளித்துவைப்பது எளிது. ஆனால் அப்போது கான்கிரீட் வெயிலில் முழுமையாகக் காய்ந்து விரிந்து சுருங்கி வெடிப்பு விடுவது தொடரும். மேலே வைத்தால் தளமும் காக்கப்படும். எரியக்கூடிய நுரைப்பொருளை மூடாமல் அறைக்குள்ளோ வெளிச்சுவரிலோ ஒட்டுவது கூடவே கூடாது. 2016-இல் சீரமைப்பு முடிந்த லண்டனின் கிரென்ஃபெல் கோபுரத்தில் 2017-இல் எரியும் தன்மையுள்ள வெளியுறைத் தகடுகள் வழியே தீ பரவி, 72 பேர் இறந்தனர். வெப்பத்தைத் தடுக்கும் ஒவ்வொரு பொருளையும் தீயின் முன்னும் நிறுத்திப் பார்க்க வேண்டும். மேலும், ஒழுகும் தளத்தின் மேல் பலகை பரப்பினால் நீர் அதற்கடியில் தங்கிக் கம்பியை அரிக்கும்.

ஆகவே தம்பி செய்ய வேண்டியது வரிசைப்படி இது. ஏ.சி.க்கு ஒதுக்கிய பணத்தைத் தொடாமல் வைத்துக்கொண்டு, பங்குனி முடிவதற்குள் மொட்டை மாடியைக் கழுவி வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு பூச்சு அடிக்க வேண்டும். மழையில் கரையும், தூசியில் மங்கும், ஆண்டுதோறும் திரும்ப அடிக்க வேண்டும் என்பவை உண்மையே, ஆயினும் இதைவிட மலிவான மருந்து இல்லை. கையில் பணம் சேரும் ஆண்டில், கசிவுகளை அடைத்து, நீர்த்தடுப்புப் பூச்சின் மேல் காப்புப் பலகையும் அதன்மேல் மெல்லிய கான்கிரீட்டும் வெள்ளைத் தட்டோடும் பதிக்கலாம். பதிக்குமுன் மழைநீர்க் குழாயின் வாயும் மாடிப்படி அறையின் வாசற்படியும் புதிய மட்டத்துக்கு மேலே நிற்குமா என்று கொத்தனாரைக் கொண்டு அளந்து பார்ப்பது கட்டாயம். அதற்குப் பிறகும் ஒரு கோடை முழுதும் பொறுத்திருந்து, பழைய ஒரு டன் ஏ.சி. உண்மையிலேயே திணறினால் மட்டும் புதியதை வாங்கலாம். அந்த ஒரு கோடையின் இருமாத மின்கட்டணச் சீட்டுகளை முந்தைய ஆண்டின் சீட்டுகளோடு ஒப்பிட்டு, யூனிட்டுகளின் வேறுபாட்டை அடுத்த கடிதத்தில் தவறாமல் எழுதி அனுப்ப வேண்டும்.