சாலை வேலையும் தலைக்குமேற் செல்லும் மின்கம்பிகளும்

1932-ஆம் வருஷத்தில் பைகாராவிலும், 1937-இல் மேட்டூரிலும் நீர்வலியால் மின்சாரம் உற்பத்தியாகத் தொடங்கிற்று. அதன் பின்னர்ச் சிறிது சிறிதாகக் கம்பிகள் கிராமங்களுக்கும் வந்து சேர்ந்தன. கிணற்றுக்கும் வீட்டுக்கும் அவை செய்யும் உபகாரம் யாவரும் அறிந்ததே. ஆயின், சாலை வேலையை ஒப்பந்தமாக ஏற்கும் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களின் அங்கத்தினர்கள் அக்கம்பிகளின் கீழேயே நாள் முழுதும் உழைக்க நேர்கிறது. ஆகையால் அவற்றின் அபாயத்தை அவர்கள் செவ்வையாக அறிந்திருத்தல் அவசியம்.

கம்பி தாழ்வது எவ்வாறு?

1956-ஆம் வருஷத்து இந்திய மின்சார விதிகளின்படி, சாலையைக் குறுக்கே கடக்கும் தாழ்ந்த அழுத்தக் கம்பி 5.8 மீட்டருக்கும், அதாவது 19 அடிக்கும், 11,000 வோல்ட் போன்ற உயர்ந்த அழுத்தக் கம்பி 6.1 மீட்டருக்கும், அதாவது 20 அடிக்கும், குறையாத உயரத்தில் இருத்தல் வேண்டியிருந்தது. 2010-இல் வந்த ஒழுங்குவிதிகளிலும் இவ்வுயரங்களே காணப்பட்டன.

கம்பம் நட்ட அன்று 19 அடி இருந்ததென்று கொள்வோம். அதன்பின் மூன்று முறை ஜல்லி பரப்பி, ஒவ்வொரு முறையும் சாலை அரை அடி உயர்ந்ததாயின், இன்று எஞ்சியது பதினேழரை அடியே. கம்பி இறங்கவில்லை, சாலையே அதனிடம் ஏறிச் சென்றிருக்கிறது. மேலும், வெயிலில் கம்பி நீண்டு தொய்வதால், காலையில் இருந்த உயரம் நண்பகலில் இராது. இரு கம்பங்களுக்கு நடுவிலேதான் தொய்வு மிகுதி. டிப்பர் லாரியின் தொட்டியோ, முழுதும் தூக்கியபோது 20 அடியையும் தாண்டக்கூடும். லாரி ஓட்டுபவர் பின்னால் விழும் ஜல்லியை நோக்குவாரேயன்றி, மேலே நோக்குவதில்லை.

சில தவறான எண்ணங்கள்

கம்பியின்மேல் உறை உண்டென்று சிலர் நினைக்கின்றனர். கம்பங்களின்மேற் செல்பவை பெரும்பாலும் வெறுங் கம்பிகளே. ரப்பர் சக்கரம் காப்பாற்றும் என்பதும் பிழை. டயருக்குள் கரியும் எஃகுக் கம்பியும் கலந்திருப்பதால், 11,000 வோல்ட்டை அது தடுக்கமாட்டாது. தொட்டால்தான் தீங்கு என்பதும் சரியன்று. உயர்ந்த அழுத்தமுள்ள மின்சாரம், மிக அருகில் வந்த பொருளுக்குக் காற்றைக் கடந்தே பாயும். ஆதலால் பத்தடிக்குள் எந்தக் கருவியும் நெருங்கலாகாது. மூங்கிலால் கம்பியைத் தூக்கிப் பிடித்து வண்டிக்கு வழிவிடும் வழக்கத்தை அடியோடு விட்டொழிக்க வேண்டும்.

சங்கம் செய்ய வேண்டியவை

1. வேலை தொடங்குமுன் காரியதரிசியும் மேஸ்திரியும், மின்சார இலாகாவின் லைன்மேனுடன் சாலை நெடுகிலும் நடந்து, கம்பி கடக்கும் இடங்களைக் குறித்துக் கொள்ளவேண்டும். உயரத்தை அவரே உரிய கருவியால் அளப்பார். அங்கத்தினர் எவரும் கழியாலோ நாடாவாலோ அளக்க முற்படலாகாது.

2. கம்பியின் நேர்க்கீழும், அதன் இருபுறமும் பத்தடி தள்ளியும் சுண்ணாம்பால் கோடிட்டு, அக்கோடுகளுக்குள் தொட்டியைத் தூக்கலாகாது. ஜல்லியை அப்பாற் கொட்டிக் கூடையில் சுமந்து வருவதே முறை.

3. ஒருவரைச் சிவப்புக் கொடியும் ஊதலும் தந்து காவலாக நிறுத்தவேண்டும். அவருக்கு வேறு வேலை கொடுக்கலாகாது.

4. இரும்புக் கம்பி, குழாய், ஏணி ஆகியவற்றை நிமிர்த்தாமல், படுக்கையாக இருவர் தூக்கிச் செல்லவேண்டும்.

5. கம்பத்தின் அடியிலும் ஸ்டே கம்பியின் அருகிலும் மண் வெட்டினால் கம்பம் சாயும். அதைத் தவிர்க்க வேண்டும்.

6. கம்பியை நெருங்காமல் வேலை முடியாதெனின், மின்சாரத்தை நிறுத்துமாறு பிரிவு அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதவேண்டும். நிறுத்தி, கம்பியைப் பூமியோடு இணைத்துவிட்டோம் என்று இலாகாவினர் கூறும்வரை காத்திருக்க வேண்டும்.

விபத்து நேர்ந்தால்

லாரி கம்பியில் பட்டுவிட்டால், ஓட்டுபவர் இருக்கையிலேயே இருத்தல் நலம். இயலுமாயின் வண்டியை நகர்த்திக் கம்பியினின்று விலக்கலாம். மற்றவர் 30 அடிக்கு அப்பால் நிற்கவேண்டும். மின்சாரம் தரையிலும் பரவுவதால், அகன்று நிற்கும் இரு கால்களின் வழியே உடலில் ஏறும். முன்கால்களும் பின்கால்களும் தூரத்தில் இருப்பதாலேயே, அறுந்து விழுந்த கம்பியருகே மனிதர் தப்பியும் மாடு மடிவதுண்டு. வண்டியில் தீப்பற்றினால் மட்டும், வண்டியையும் தரையையும் ஒரே சமயத்தில் தொடாமல், இரு கால்களையும் சேர்த்துக் குதித்து, பாதங்களைப் பிரிக்காமல் சிறிது சிறிதாக நகர்ந்து விலகவேண்டும்.

அடிபட்டவரைப் பிடித்திழுக்க ஓடுபவர் இரண்டாவது பலியாவார். முதலில் மின்சாரம் நிறுத்தப்பட வேண்டும். அதன்பின், மூச்சு நின்றிருந்தால் மார்பின் நடுவே நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே, 108 வண்டியை வரவழைக்க வேண்டும்.

மின்சாரம் நிற்கும் வரை காத்திருந்தால் அரை நாட் கூலி வீணாகுமே என்று சிலர் வருந்தலாம். கூட்டுறவுச் சங்கத்தில் வேலையை ஏற்பவரும் செய்பவரும் அங்கத்தினரே. இலாபம் குறைந்தால் அடுத்த வேலையில் ஈடு செய்துகொள்ளலாம். உயிரிழந்த அங்கத்தினரின் குடும்பத்துக்கு அவ்வாறு ஈடு செய்ய எந்தச் சங்கத்தாலும் இயலாது. ஆதலால், காத்திருக்கும் நேரத்தின் கூலியையும் ஒப்பந்தத் தொகையிற் சேர்த்துக் கேட்பதெனப் பஞ்சாயத்தார் தீர்மானித்து, தீர்மானப் புஸ்தகத்தில் பதிவு செய்வார்களாக.

கூட்டத்தில் கேட்டறிய வேண்டிய வினாக்கள்

1. நமது சாலையில் கம்பிகள் எத்தனை இடங்களிற் கடக்கின்றன?
2. கம்பி நட்டபின் சாலை எத்தனை முறை உயர்த்தப்பட்டது?
3. அடுத்த வேலைக்குக் காவல் நிற்பவர் யார்?