மண்ணைச் சூடேற்றிச் சுத்தம் செய்யும் வேலை: யார் போகலாம், எதைக் கற்கலாம்?

ஊத்தங்கரையில் டிப்ளமோ முடித்த பிள்ளையிடம் அடுத்து என்ன என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். ஓசூர் சிப்காட், இல்லையென்றால் போச்சம்பள்ளி, அதுவும் சரிப்படாவிட்டால் எல்லை தாண்டி அத்திப்பள்ளி, பொம்மசந்திரா. பொருள் தயாரிக்கும் வேலைகள் எல்லோருக்கும் தெரியும். ஆலை மூடிய பிறகு அது கெடுத்துவிட்டுப் போன மண்ணைச் சுத்தம் செய்வதும் ஒரு தொழில்தான். அதில் ஒரு பிரிவு, மண்ணைச் சூடேற்றி நஞ்சை ஆவியாக்கிப் பிரித்தெடுப்பது. ஃபர்னஸ், பாய்லர், லேப், ரசாயன ஆலை ஆகியவற்றில் கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு இது அந்நியமான வேலை அல்ல.

தமிழ்நாட்டில் இதற்குச் சரியான பாடம் கொடைக்கானல். அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட தெர்மாமீட்டர் ஆலை அங்கே 1980களில் இயங்கத் தொடங்கியது. முதலில் பாண்ட்ஸ், பிறகு இந்துஸ்தான் லீவர் வசம் இருந்தது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பகுதிப் பழைய சாமான் கடை ஒன்றில் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி 7.4 டன் கிடப்பதை மக்கள் வெளிக்கொண்டுவந்தார்கள். அதே மாதம் ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. 2016இல் 591 முன்னாள் தொழிலாளர்கள் தொடர்பான உடன்பாடு கையெழுத்தானது. ஆனால் மண்ணில் இறங்கிய பாதரசம் அங்கேயே கிடந்தது. (ஆலைக்குக் கீழே இருப்பது பாம்பாறு சோலை.)

அந்த மண்ணுக்கு நீரி (தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு) நிறுவனத்தின் ஆலோசனையோடு வகுத்த முறையில் இரண்டு படிகள். முதலில் தோண்டிய மண்ணைச் சலித்து, கழுவி, கல்லையும் பெருமணலையும் பிரிக்கிறார்கள். பாதரசம் பெரும்பாலும் நுண்ணிய வண்டலில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால், அதை மட்டும் வெற்றிட அடுப்புக்கு அனுப்பினால் போதும். முழு மண்ணையும் சூடாக்கினால் எரிபொருள் செலவு தாங்காது. ஈரமண் என்றால் பாதிச் சூடு தண்ணீரை விரட்டவே போய்விடும். பாதரசம் சாதாரணக் காற்றழுத்தத்தில் 357 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். வெற்றிடத்தில் அதற்கும் குறைவான சூட்டிலேயே ஆவியாகிவிடும். ஆவியைக் குளிர்வித்தால் பாதரசம் திரவமாகச் சொட்டும். தப்பி வரும் மிச்சத்தைக் கரிவடிகட்டி பிடித்துக்கொள்ளும்.

எந்த அளவுக்குச் சுத்தம் என்பதில்தான் சண்டை. கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்று இலக்கு வைத்தார்கள். சோலைக்காட்டை ஒட்டிய இடத்துக்கு அது போதாது என்று சூழல் ஆர்வலர்கள் எதிர்த்தார்கள். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அடுப்பை எவ்வளவு நேரம் ஓட்டுவது, எவ்வளவு செலவாகும், வேலை எப்போது முடியும் என்பதையெல்லாம் அந்த ஒரு எண்தான் தீர்மானிக்கிறது.

சூடு எதற்கு உதவாது?

நேர்முகத் தேர்வில் இதைச் சொல்லத் தெரிந்தவருக்கு மதிப்பு அதிகம். பாதரசம், பெட்ரோல், டீசல், கரைப்பான்கள், பூச்சிமருந்து, டயாக்சின் போன்றவற்றைச் சூட்டால் மண்ணிலிருந்து கிளப்பிவிடலாம். வியட்நாமின் டா நாங் விமான நிலையத்தில் போர்க்காலக் களைக்கொல்லி விட்டுப்போன டயாக்சினை அப்படித்தான் எடுத்தார்கள்: சுமார் 90,000 கனமீட்டர் மண்ணையும் வண்டலையும் பிரம்மாண்டத் தொட்டியில் அடைத்து, குறைந்தது 335 டிகிரி வரை சூடேற்றினார்கள்.

நமக்கு அருகில் உள்ள ராணிப்பேட்டையின் கதை வேறு. அங்கே மூடிக்கிடக்கும் குரோமேட்ஸ் ஆலையில் லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு குவிந்திருக்கிறது. குரோமியம் அடுப்புச் சூட்டில் ஆவியாகாது. போதாக்குறைக்கு, காரத்தோடும் காற்றோடும் சேர்த்து வறுத்தால் ஆபத்து குறைந்த குரோமியம்கூட நச்சு வடிவத்துக்கு மாறிவிடும். தாதுவிலிருந்து குரோமேட் தயாரிப்பதே அப்படி வறுத்துத்தான். முலாம் பூசும் பட்டறைக் கழிவு பட்ட மண்ணை “சூடேற்றிச் சுத்தம் செய்துதருகிறோம்” என்று ஒருவர் சொன்னால், அவருக்குத் தொழில் தெரியாது, அல்லது தெரிந்தே ஏமாற்றுகிறார்.

எங்கே நுழைவது?

முதல் வாசல் சாம்பிள் எடுப்பது. கேட்க எளிமை, செய்யச் சிரமம். ஆவியாகும் பொருளைத் தேடுகிறோம் என்றால் ஜாடியை விளிம்பு வரை நிரப்பி, காற்று இடைவெளி விடாமல் மூட வேண்டும். அரை ஜாடி எடுத்தால் பெட்ரோல் மேலே உள்ள காற்றில் கலந்து, லேபில் மூடியைத் திறந்ததும் பறந்துவிடும். அறிக்கையில் மண் சுத்தம் என்று வரும். ஜாடியின் லேபிளில் இடம், ஆழம், தேதி, நேரம் இருக்க வேண்டும். உடனே ஐஸ் பெட்டிக்குள் வைக்க வேண்டும். கைமாறும் இடமெல்லாம் கையெழுத்து. ஒரு கையெழுத்து விடுபட்டாலும் நீதிமன்றத்தில் அந்தச் சாம்பிளை எதிர்த்தரப்பு கிழித்துவிடும். வேதியியல் படித்தவர்கள் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற லேபில் இரண்டு வருடம் உட்கார்ந்து இதைப் பழகலாம்.

இரண்டாவது வாசல் பிளான்ட். ஓசூரில் ஹீட் ட்ரீட்மென்ட் ஃபர்னஸ் ஓட்டியவர்களுக்கும் பாய்லர் பார்த்தவர்களுக்கும் இங்கே முன்னுரிமை கிடைக்கும். ஐ.டி.ஐ.யில் கெமிக்கல் பிளான்ட் ஆபரேட்டர், இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக் பிரிவுகள் பொருத்தமானவை. மண்ணைச் சூடாக்குவதில் பெரிய வித்தை இல்லை. கிளம்பும் வாயுவை அடக்குவதில்தான் வித்தை. மண்ணைச் சூடேற்றும் டிரம்முக்குள் எப்போதும் வெளியைவிடக் காற்றழுத்தம் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். வாயுவை உறிஞ்சி இழுக்கும் ஐ.டி. ஃபேன் நின்றுபோனால் நச்சு ஆவி இடுக்கு வழியே ஆபரேட்டர் முகத்துக்கு வரும். குளோரின் உள்ள கழிவு என்றால், சூடான வாயு 450 டிகிரிக்கும் 200 டிகிரிக்கும் இடையில் மெதுவாக ஆறினால் டயாக்சின் மறுபடி உருவாகும். அதனால் ஒரே மூச்சில் குளிர்விக்க வேண்டும். இதையெல்லாம் மீட்டரைப் பார்த்தே பிடிக்கத் தெரிந்தவருக்குத்தான் சம்பளம் ஏறும்.

மூன்றாவது வாசல் காகிதம். எல்லையோரத்தில் இருப்பதால் நமக்கு இது கூடுதல் பலம். அபாயகரக் கழிவு லாரியில் ஏறினால் படிவம் 10 என்ற மேனிஃபெஸ்ட், ஏழு நிறங்களில் ஏழு பிரதிகள். அனுப்பும் இடமும் பெறும் இடமும் வெவ்வேறு மாநிலமாக இருந்தால் சாம்பல் நிறப் பிரதி அனுப்பிய மாநிலத்தின் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போக வேண்டும். அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டும் சரக்குக்கு இது சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும். தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றும் ஓரளவு வந்தால் அந்த ஆள் நீங்களாக இருக்கலாம்.

பொறியியல் என்றால் கெமிக்கல், சிவில், சுற்றுச்சூழல் படிப்புகள். பாதுகாப்பு அதிகாரி ஆக நினைப்பவர்கள் சென்னை தரமணியில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனத்தின் தொழிற்பாதுகாப்பு டிப்ளமோவை விசாரிக்கலாம்.

வேலை உண்டா?

ஆசை காட்ட மாட்டேன். 2025 ஜூலையில் மத்திய அரசு மாசுபட்ட இடங்களுக்கென்றே தனி விதிகளைக் கொண்டுவந்தது. சந்தேகமான இடங்களை உள்ளாட்சியோ மாவட்ட நிர்வாகமோ பட்டியலிட வேண்டும். மாநில வாரியம் 90 நாளில் முதற்கட்ட ஆய்வு செய்ய வேண்டும். கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும். அந்தச் சமயத்தில் நாடு முழுக்க அடையாளம் கண்டிருந்த 103 இடங்களில் சுத்திகரிப்பு தொடங்கியிருந்தவை 7 மட்டுமே. எனவே இன்றைக்கு ஆய்வு வேலை கிடைக்கும். அடுப்பு வேலை மெதுவாகத்தான் வரும். வந்தாலும் புராஜெக்ட் முடிந்ததும் காண்ட்ராக்ட் முடியும். ஆகவே இதை மட்டும் நம்பி இருக்கிற வேலையை விடாதீர்கள். லேப், ஃபர்னஸ், பாதுகாப்பு என்று வேறு இடத்திலும் செல்லுபடியாகும் திறமையோடு உள்ளே போங்கள்.

சேருமுன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். மண்ணில் என்ன இருக்கிறது என்ற ஆய்வறிக்கை. அந்தப் பொருளுக்கு ஏற்ற முகமூடி (தூசி மாஸ்க் பாதரச ஆவியைத் தடுக்காது). சேரும்போதும் பிறகு ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை, அதன் அறிக்கை உங்கள் கைக்கும் வர வேண்டும். பாதரசம் உடலில் ஏறினால் கை நடுக்கம், ஈறு வீக்கம், மறதி, சிறுநீரகக் கோளாறு என்று மெதுவாகத்தான் தெரியும்; அப்போது பழைய அறிக்கை இல்லாதவரால் எதையும் நிரூபிக்க முடியாது. காண்ட்ராக்டர் மூலம் போனாலும் இ.எஸ்.ஐ. எண்ணையும் நியமனக் கடிதத்தையும் வாங்கிய பிறகே சைட்டில் கால் வையுங்கள். இவற்றைத் தர மறுக்கும் இடத்தில், தினக்கூலி எவ்வளவு உயர்த்திப் பேசினாலும், சேராதீர்கள்.