ஆற்றுச் சத்தம் கேட்டால் மனசு அடங்குமா?

கேள்வி: கள்ளக்குறிச்சியில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். வயது 43. காலையிலிருந்து இருட்டும்வரை இயந்திர இரைச்சல்தான். வீட்டுக்கு வந்து படுத்தாலும் காதுக்குள் ‘ங்ங்’ என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு மணிக்கு முன் தூக்கம் வருவதில்லை. ஆறு ஓடுகிற சத்தத்தை செல்போனில் போட்டுக்கொண்டு படு என்கிறான் தம்பி. அது பயன்படுமா, இல்லை கல்வராயன் மலைக்கே போய் உட்கார்ந்தால்தான் நல்லதா? முழங்கால் வலி உள்ள அம்மாவையும் கூட்டிப்போகலாமா மேடம்?

பதில்: தம்பி சொன்னதில் விஷயம் இருக்கிறது. ஆனால் முதலில் காதைப் பார்ப்போம். வருஷக்கணக்காக இரைச்சலில் வேலை பார்ப்பவர்களுக்குக் காதில் ரீங்காரம் வருவது உண்டு. பகலில் தெரியாது, வீடு அடங்கியதும் பெரிதாகக் கேட்கும். தூக்கம் வராததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். ஆலைக்குள் போகும்போது காதடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள். அதைச் செய்யாமல் மலைக்குப் போய் வந்து புண்ணியமில்லை.

இனி ஆற்றுக்கு வருவோம். நீர் பாறையில் விழும்போது காற்றையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்தக் காற்று குமிழாகி, சுருங்கி விரிந்து அதிர்கிறது. ஓடையின் சலசலப்பில் பெரும்பகுதி அந்தக் குமிழ்களின் குரல்தான். 1933-ல் மார்செல் மின்னார்ட் என்ற அறிவியலாளர் இதைக் கணக்குப் போட்டே காட்டினார். மூன்று மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழ் நொடிக்கு ஏறக்குறைய 1,000 முறை அதிரும். பெரிய குமிழ் என்றால் குரல் தடிக்கும், சிறியது என்றால் மெலியும். ஒரு பாறை இடுக்கில் எல்லா அளவிலும் எண்ணற்ற குமிழ்கள் அதிர்கின்றன. தடித்ததும் மெலிந்ததுமாக எல்லாம் கலந்து வருவதால், காதின் ரீங்காரமும் தெருச் சத்தமும் அதற்குள் அமுங்கிப்போகின்றன.

ஆலையின் சத்தமும் விடாமல் வருவதுதானே என்று கேட்பீர்கள். அங்கே உங்கள் மூளை காவலுக்கு நிற்கிறது. பெல்ட்டின் சத்தம் மாறுகிறதா, யாராவது கூப்பிடுகிறார்களா, லாரி பின்னால் வருகிறதா என்று கவனித்துக்கொண்டே இருக்கிறது. ஓடை உங்களிடம் எதையும் கேட்பதில்லை, அதனால் காவல் தளர்கிறது. 2021-ல் ரேச்சல் பக்ஸ்டன் குழுவினர் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மனத்தை நல்ல நிலைக்குக் கொண்டுவருவதில் நீரின் ஒலி முன்னால் நின்றது. மன அழுத்தத்தைக் குறைப்பதில் பறவைகளின் ஒலி முன்னால் நின்றது. மலை ஓடையில் இரண்டுமே கிடைக்கும்.

ஆகவே நேரில் போவதுதான் என் முதல் சிபாரிசு. கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு ஏறுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்தபின் மார்கழி, தை மாதங்களில் தண்ணீர் தெளிந்து சீராக ஓடும். பங்குனிக்கு மேல் பல ஓடைகள் குட்டையாகிவிடும். எல்லோரும் பெரியார் அருவிக்கு நேராகப் போவார்கள். குளிக்க அது நல்ல இடம். ஆனால் விடுமுறை நாளில் கூட்டமும் கூச்சலும் சேர்ந்துவிடும், உங்களுக்கு அது இன்னோர் ஆலையாகத்தான் இருக்கும். முழங்கால் உயரத்துக்கு நீர் விழுகிற சின்ன ஓடை போதும். ஊர்க்காரர்களிடம் கேட்டால் காட்டுவார்கள். அது அவர்கள் குடிக்கிற தண்ணீராகவும் இருக்கலாம், சோப்பு, ஷாம்பு பாக்கெட்டெல்லாம் வேண்டாம்.

நிழலான மேட்டுப் பாறையில் உட்கார்ந்து போனை அணைத்துவிடுங்கள். முதல் பத்து நிமிஷம் மூட்டைக் கணக்குதான் மனதில் ஓடும். ஓடட்டும், விரட்டாதீர்கள். பிறகு சத்தங்களைப் பிரித்துக் கேளுங்கள். கல் இடுக்கில் ‘களக் களக்’ என்பது ஒன்று, பரப்பில் வழுக்கி இறங்கும் ‘சர்ர்’ ஒன்று, எங்கோ கீழே தடித்த குரலில் ஒன்று. இது புதுப் பழக்கமும் இல்லை. கல்வராயனுக்கு வடக்கே செங்கத்தில் இருந்து ஆண்ட நன்னனைப் பாடிய மலைபடுகடாம் என்ற சங்க நூல், மலையில் கேட்கும் ஒலிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்கிறது: அருவியில் நீராடும் சத்தம், யானையின் குரல், தினை குற்றும் பெண்களின் பாட்டு. கரும்பு ஆட்டும் சத்தம்கூட அதில் உண்டு. நம் கரும்புக் காட்டு மக்கள் படித்துப் பார்க்க வேண்டிய இடம் அது.

கண்ணுக்கும் வேலை கொடுங்கள். பாறைக்குப் பின்னால் நீர் சுழிக்கிற இடத்தில் ஓர் இலை சிக்கிக்கொண்டு நாலு சுற்று சுற்றும், வெளியேறப்போவது போல விளிம்புக்கு வரும், மறுபடி உள்ளே போகும். அதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாலே அரை மணி நேரம் போய்விடும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் மலை உச்சியில் மழை பெய்திருக்கலாம். தெளிந்த நீர் திடீரென்று செம்மண் நிறமானாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, சத்தம் தடித்தாலோ பையைக்கூடத் தேடாமல் மேட்டுக்கு ஏறிவிடுங்கள். காட்டாறு யோசிக்க நேரம் தராது. அதே மலையிலுள்ள மேகம் அருவிப் பக்கம் வனத்துறையைக் கேட்காமல் போகவே கூடாது.

வாரம்தோறும் மலை ஏற முடியாது என்பதால் செல்போனையும் ஒதுக்க வேண்டாம். இயர்போன் மட்டும் வேண்டாம். போனைக் கட்டிலிலிருந்து தள்ளி வைத்து, ரீங்காரத்தைவிடச் சற்றுக் குறைவான ஒலியில் ஓடவிடுங்கள். அரை நிமிஷத் துண்டு திரும்பத் திரும்ப வருகிற பதிவுகளைத் தவிர்த்துவிடுங்கள். ஒரே இடம் மீண்டும் வருவதைக் காது கண்டுபிடித்துவிடும், அப்புறம் அதற்காகவே காத்திருக்கும். மலைக்குப் போகிற அன்று ஓடையருகில் நீளமாக நீங்களே பதிவு செய்துகொண்டால் இன்னும் நல்லது. மூன்று வாரம் ஆகியும் தூக்கம் பிடிக்கவில்லை என்றால், அல்லது மனம் மிகவும் சோர்ந்தால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் டெலி-மானஸ் மனநல ஆலோசகர்களிடம் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

அம்மாவை ஓடைப் பாறைகளில் ஏற்ற வேண்டாம், பாசி வழுக்கும். அவருக்குக் கோமுகி அணை பொருத்தம். கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, மலை ஏற வேண்டியதில்லை. கரையில் அலை தட்டுகிற சத்தமும், நீர்க்காகம் முங்கி எழுவதும் அவருக்குப் பொழுதுபோகப் போதும். ஒரு மடக்கு நாற்காலியைக் கையோடு எடுத்துப்போங்கள், தரையில் உட்கார்ந்து எழுந்தால் அந்த முழங்கால் இரவெல்லாம் வலிக்கும்.