சத்துருவினிடத்து அன்பு

பகைவரிடத்து அன்புகூர வேண்டுமென்று கிறிஸ்துநாதர் மலைப்பிரசங்கத்திற் கட்டளையிட்டதைப் போற்றாதார் இலர். ஆயினும், அது மானிடர்க்கு இயலுவதொன்றன்று என மனத்துள் ஒதுக்கிவிடுவோரே பலர். அன்பென்பது நெஞ்சில் தானே ஊறும் ஓர் உணர்ச்சி என்று நாம் எண்ணுவதே இதற்குக் காரணம். ஊறாத நீரை எங்ஙனம் இறைப்பது? பவுல் அப்போஸ்தலரோ, ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 12-ஆம் அதிகாரத்தில், பகைவனைக் குறித்து நாம் என்ன உணரவேண்டுமென்று கூறவில்லை. பசித்திருக்கும் அவனுக்கு உணவும், தாகித்திருக்கும் அவனுக்குத் தண்ணீரும் கொடுக்கும்படி கூறுகிறார். நம் திருவள்ளுவரும் ‘இன்னாசெய்யாமை’ அதிகாரத்தில், தீங்கிழைத்தவன் நாணும்படி அவனுக்கு நன்மை செய்வதையே கூறுகின்றார். இருவரும் செய்கையையே முன்னிறுத்துதல் கருதத்தக்கது. செய்கை முந்த, உணர்ச்சி பின்வரக்கூடும் என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு.

அமெரிக்காவில் ஓரிகன் மாகாணத்திலே, மதராஸ் என்று நம் நகரின் பழைய பெயரையே கொண்ட சிற்றூரில் வளர்ந்தவர் ஜேக்கப் டிஷேசர். 1941 டிசம்பர் 7-ஆம் தேதி ஜப்பானியர் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய செய்தி எட்டியபோது, அவர் படைவீரர் சமையலுக்கு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த கிழங்கைச் சுவரில் எறிந்து, பழிவாங்குவதாகச் சூளுரைத்தார். அச்சூளுரை நிறைவேறிற்று. 1942 ஏப்ரல் 18-ஆம் தேதி கர்னல் டூலிட்டில் தலைமையில் ஜப்பானைத் தாக்கச் சென்ற 16 விமானங்களில், நகோயா நகரின்மேல் தீக்குண்டுகளை வீசிய ஒன்றில் குண்டெறிபவராயிருந்தவர் டிஷேசரே. எரிபொருள் தீரவே, சீனாவில் ஜப்பானியர் வசமிருந்த பகுதியில் பாரசூட்டின் துணையால் குதித்துச் சிறைப்பட்டார்.

சிறைவாசம் 40 மாதங்கள். அவற்றுள் 34 மாதங்கள் தனிச்சிறை. உடன் பிடிபட்டோரில் மூவர் சுடப்பட்டனர். ஒருவர் பசியாலும் பிணியாலும் மாண்டார். டிஷேசரின் துவேஷம் பித்தாக மாறும் நிலையை எட்டியது. மனிதர் ஒருவரையொருவர் ஏன் இவ்வாறு பகைக்கின்றனர் என்ற வினா அவரைத் துளைத்தது. 1944 மே மாதத்தில் வேதபுத்தகம் ஒன்று மூன்று வாரங்களுக்குமட்டும் அவருக்குக் கொடுக்கப்பட்டது. மங்கிய ஒளியில் அதை மீண்டும் மீண்டும் படித்துப் பல பகுதிகளை மனப்பாடஞ் செய்து, ஜூன் 8-ஆம் தேதி கிறிஸ்துவுக்குத் தம்மை ஒப்புவித்தார்.

சோதனை விரைவிலேயே வந்தது. காவலன் ஒருவன் அவரை அறைக்குள் தள்ளிக் கதவை மூடுகையில் அவர் பாதம் இடுக்கிலே சிக்கிற்று. அவனோ பூட்ஸ் காலால் அப்பாதத்தை உதைத்தான். அவ்வேளை டிஷேசருக்கு அவன்மேல் பிரியம் பொங்கிற்றென்று எவரும் கருதவேண்டா! எழுந்தது சினமே. எனினும், மறுநாட் காலை தாம் அறிந்த சொற்ப ஜப்பானிய மொழியில் அவனுக்கு வந்தனங் கூறினார். பின்னர் அவன் குடும்பத்தாரின் நலம் விசாரித்தார். சில நாள் இவ்வாறு நடந்தது. ஒரு காலை அக்காவலன் கதவுத் துவாரத்தின் வழியே வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கொன்றை நீட்டினான்.

இவ்வன்பு தீமையை நன்மையென்று அழைத்ததில்லை. அக்கைதிகளுக்கு இழைத்த கொடுமைக்காக ஜப்பானிய அதிகாரிகள் நால்வருக்கு 1946-ல் ஷாங்காயில் இராணுவ நீதிமன்றம் தண்டனை விதித்தது, அது நியாயமே. ஆனால் டிஷேசர் கொண்ட கவலை வேறு. அவர் தாயகஞ் சென்று வேதக்கல்வி பயின்று, 1948 டிசம்பரில் மிஷனெரியாக ஜப்பானுக்கே திரும்பினார். அவருடைய சிறை வரலாற்றைக் கூறும் ஒரு துண்டுப்பிரசுரம் டோக்கியோவின் ஷிபுயா ரயில் நிலையத்தில் ஒருவர் கையில் கிடைத்தது. பேர்ல் துறைமுகத் தாக்குதலில் விமானங்களை முன்னின்று நடத்திய மிட்சுவோ புச்சிடாவே அவர்! அது தூண்டுகோலாகப் புதிய ஏற்பாட்டை வாங்கிப் படித்தார். தம்மைக் கொல்வோருக்காக இயேசுநாதர் சிலுவையில் வேண்டியதை லூக்கா சுவிசேஷத்திற் கண்டு உள்ளமுருகினார். 1950-ல் இருவரும் சந்தித்தனர். பின்பு ஒரே மேடையில் நின்று பிரசங்கித்தனர்.

1959-ல் டிஷேசர் ஒரு திருச்சபையை நிறுவச் சென்றார். அவர் சென்ற இடம் நகோயா. 17 ஆண்டுகளுக்குமுன் ஆகாயத்தினின்று அவர் தீயிட்ட நகரம்.