மாதவிடாய் நிற்கும் பருவத்தின் வெப்பமும் வியர்வையும்

கேள்வி: மாதவிடாய் நிற்கும் வயதில் உடல் திடீரெனக் கொதித்து வியர்ப்பது ஏன்? இயற்கை முறையில் தணிக்க இயலுமா?
— வாசகி, குருநகர்

பதில்: தொடர்ந்து 12 மாதங்கள் உதிரப்போக்கு இல்லாதிருப்பதே மாதவிடாய் நிறுத்தம் எனப்படும். பெரும்பாலும் 45 முதல் 55 வயதுக்குள் நிகழும் இம்மாற்றத்தில், சூலகங்கள் சுரக்கும் ஈஸ்திரஜன் என்னும் ஓமோன் குறைவதால், உடல் வெப்பத்தைச் சீராக்கும் மூளைப்பகுதி சிறு வெப்ப உயர்வையும் பெரிதாகக் கொண்டு, தோலின் குருதிக்குழாய்களை விரித்து வியர்வையைப் பெருக்குகின்றது. உறக்கக் குறைவு, மனச்சோர்வு, யோனி வறட்சி என்பனவும் இதனுடன் தொடர்புடையவை; இவற்றை வெட்கத்துக்குரியனவாக மறைப்பது பெண்களுக்கு இழைக்கப்படும் அநீதியாகும்.

வெப்ப அலை எனப்படும் இத்திடீர்க் கொதிப்பு மிகுந்தோர் பருத்தி ஆடை அணிவதும், நண்பகல் வெயிலில் மீன் காயவைப்பதைத் தவிர்ப்பதும், உறைப்பு மிகுந்த கூழும் சூடான தேநீரும் அதனைத் தூண்டுகின்றனவா எனக் கவனிப்பதும் பயன் தரும். ஈஸ்திரஜன் குறைவால் எலும்பும் நலிவதால், குருநகர் போன்ற கரையோர ஊர்களில் எளிதிற் கிடைக்கும் நெத்தலியை முள்ளுடன் உண்பது கல்சியம் பெறும் சிறந்த வழியாகும். நாள்தோறும் விரைந்து நடப்பதும் எலும்பைப் பேணும். உழுத்தங்களி சத்துணவேயாயினும், அது வெப்ப அலையைத் தணிக்கும் என உறுதிகூற இயலாது.

இவற்றால் தணியாதவிடத்து ஓமோன் சிகிச்சை உண்டு. அது அனைவருக்கும் பொருந்தாதாகையால், மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ், 35 வயதைக் கடந்தோருக்கென இலங்கையில் 1996 முதல் நடைபெறும் மகளிர் நலக் கிளினிக்குகளில் ஆலோசனை பெறலாம். மாதவிடாய் நின்றபின் மீண்டும் உதிரம் காணப்படின், அது சிறிதாயினும், தாமதமின்றிப் பரிசோதிக்கப்பட வேண்டும்.