முடி நடவு: முதலில் கணக்கு, பிறகே கத்தி

சென்ற பொங்கல் விழாவன்று நம் சங்கக் கூடத்தில் பந்திக்குக் காத்திருந்தபோது இளைஞர் ஒருவர் என்னைத் தூண் ஓரமாக அழைத்துப்போய், "சார், உங்கள் அக்கா மகனுக்கு முடி நட்டார்களாமே, எவ்வளவு ஆயிற்று?" என்று காதோடு கேட்டார். பந்தி முடிவதற்குள் இன்னும் இரண்டு பேர் அதே கேள்வியை அதே தூண் ஓரத்தில் கேட்டார்கள். சபையில் கேட்கக் கூச்சப்படும் விஷயம் இது. ஆனால் விசாரிக்காமல் போய் மாட்டிக்கொண்டால் பணம் மட்டுமல்ல, உயிரும் போகலாம். அதனால்தான் இந்தக் கட்டுரை.

நான் மருத்துவன் அல்லன். டிப்ளமா முடித்து ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். முப்பது வயதிலேயே என் தலை பளபளத்துவிட்டது. அக்கா மகனுடன் தோல் மருத்துவர்களிடம் நடந்தபோது குறிப்பேட்டில் எழுதிவைத்ததையும், பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே தருகிறேன்.

முடி ஏன் போகிறது?

நம் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடிகள் உண்டு. ஒவ்வொன்றும் சில ஆண்டுகள் வளர்ந்து, சுமார் மூன்று மாதம் ஓய்வெடுத்து, உதிர்ந்து, அதே குழியிலிருந்து மறுபடி முளைக்கும். ஆகையால் நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பே. சீப்பில் நாலு முடியைப் பார்த்ததும் கலங்க வேண்டியதில்லை.

ஆண்களுக்கு வரும் பரம்பரை வழுக்கை வேறு விதம். டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் சுரப்பு, உடலில் உள்ள ஒரு நொதியால் டி.எச்.டி. என்ற பொருளாக மாறுகிறது. நெற்றியிலும் உச்சியிலும் உள்ள முடிவேர்கள் சிலருக்கு இந்த டி.எச்.டி.யைத் தாங்குவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் வேர் சிறுத்து, முடி மெலிந்து, கடைசியில் பூனைமயிராகி மறைந்துவிடும். பின்மண்டையிலும் காதோரத்திலும் உள்ள வேர்களோ இதற்கு அசைந்து கொடுப்பதில்லை. எவ்வளவு முற்றிய வழுக்கையிலும் பின்னால் குதிரை லாடம்போல ஒரு வரிசை மிஞ்சுவது இதனால்தான்.

"எல்லாம் உங்களால்தான் மாமா" என்று என் மருமான் என்னைக் குற்றம் சாட்டுவதுண்டு. பாதி உண்மைதான். இதில் முக்கியமான மரபணு ஒன்று தாய் வழியாக வருகிறது. ஆனால் தந்தை வழியிலும் பல மரபணுக்கள் சேருகின்றன. தாய்மாமன் தலை மட்டுமே ஜாதகம் ஆகாது. அதேபோல ஹெல்மெட் அணிவதாலோ தினமும் தலைக்குக் குளிப்பதாலோ இந்த வழுக்கை வருவதில்லை. மொட்டையடித்தால் முடி அடர்த்தியாக வளரும் என்பதும் சரியல்ல. கத்தி மேலே வெட்டுகிறது. வேர் தோலுக்குள் இருக்கிறது.

எல்லா முடி உதிர்வும் வழுக்கை அல்ல. டெங்கு, டைபாய்டு போன்ற கடுங்காய்ச்சல் வந்துபோன இரண்டு மூன்று மாதங்களில் கொத்துக்கொத்தாக உதிரும். பெரும்பாலும் தானே திரும்பிவிடும். தைராய்டு கோளாறு, இரும்புச்சத்துக் குறைவு ஆகியவற்றாலும் உதிரும். வட்டமாகக் காசு அளவு உதிர்வதைப் புழுவெட்டு என்கிறோம். அதில் புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. உடலின் நோய் எதிர்ப்பு சக்தியே வேரைத் தாக்குவதால் வருவது. இவை ஒவ்வொன்றுக்கும் மருத்துவம் வேறு. முதலில் எந்த வகை என்று தோல் மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மருந்து என்ன செய்யும்?

பரம்பரை வழுக்கைக்கு நன்கு நிரூபணமான மருந்துகள் முக்கியமாக இரண்டு.

முதலாவது மினாக்ஸிடில். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்தில் முடி வளர்ந்ததைப் பார்த்து, தலையில் தடவும் மருந்தாக மாற்றினார்கள். அமெரிக்காவில் 1988-ல் அனுமதி கிடைத்தது. தடவத் தொடங்கிய முதல் சில வாரங்களில் உதிர்வு கூடுவதுபோலத் தோன்றும். பயந்து நிறுத்திவிடக் கூடாது. பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். நிறுத்தினால் கிடைத்த முடி சில மாதங்களில் போய்விடும். வீட்டில் பூனை வளர்ப்பவர்கள் கவனம். இது பூனைக்குக் கடும் விஷம்.

இரண்டாவது ஃபினாஸ்டிரைட். டி.எச்.டி. உண்டாவதையே குறைக்கும் மாத்திரை. புராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராம் அளவில் 1992-லும், வழுக்கைக்கு 1 மில்லிகிராம் அளவில் 1997-லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உள்ள முடியைக் காப்பதில் இது கெட்டிக்கார மருந்து. ஆனால் சிறு விழுக்காட்டினருக்கு ஆண்மை தொடர்பான குறைகளும், சிலருக்கு மனச்சோர்வும் வருகின்றன. மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கக் கூடாது. கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடவும் கூடாது. என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: இந்த மாத்திரை பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனையின் அளவை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துக் காட்டும். புராஸ்டேட் பரிசோதனைக்குப் போகும்போது இதைச் சாப்பிடுவதை அவசியம் சொல்லுங்கள்.

நடவு என்பது என்ன?

1950-களில் நியூயார்க் தோல் மருத்துவர் நார்மன் ஓரென்ட்ரைக் ஓர் உண்மையைக் கண்டார். பின்மண்டை வேரை முன்னால் கொண்டுவந்து நட்டாலும் அது பின்மண்டைக் குணத்தோடேயே வாழ்கிறது, டி.எச்.டி. அதை அசைப்பதில்லை. 1959-ல் இதை வெளியிட்டார். இன்றைய நடவு முழுவதும் இந்த அடித்தளத்தில்தான் நிற்கிறது. அன்று 4 மில்லிமீட்டர் அளவில் தோலோடு துளையெடுத்து நட்டதால் பொம்மைத் தலைபோலக் குச்சம் குச்சமாகத் தெரிந்தது. முடி இயற்கையாகவே ஒன்று முதல் நான்கு வரை கொத்தாக முளைக்கிறது என்பதை அறிந்து, அந்தக் கொத்தையே தனித்தனியாக நடும் முறை 1990-களில் வேரூன்றியது. இதைத்தான் கிராஃப்ட் என்கிறார்கள். நாம் வேர்க்கொத்து என்று வைத்துக்கொள்வோம்.

எடுக்கும் முறைகள் இரண்டு. பின்மண்டையில் நீளவாக்கில் ஒரு பட்டைத் தோலை எடுத்துத் தைத்துவிட்டு, அந்தப் பட்டையை உருப்பெருக்கியின் கீழ் கொத்துக் கொத்தாகப் பிரிப்பது எஃப்.யு.டி. முறை, கோடாக ஒரு தழும்பு நிற்கும். ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள துளைக்கருவியால் ஒவ்வொரு கொத்தாக எடுப்பது எஃப்.யு.இ. முறை, புள்ளி புள்ளியாகத் தழும்பு இருக்கும், முடி வளர்ந்தால் தெரியாது. இன்று பெரும்பாலும் இரண்டாவது முறைதான்.

"திருப்பதியில் மலைமலையாக முடி இருக்கிறதே, அதை நடக்கூடாதா?" என்று ஒரு நண்பர் கேட்டார். வெட்டிய முடிக்கு வேர் கிடையாது. வேரோடே எடுத்தாலும் அடுத்தவர் வேரை நம் உடல் ஏற்காமல் தள்ளிவிடும். அவரவர் தலையிலிருந்துதான் அவரவர்க்கு.

இதுதான் கணக்கு

நம் ஊரில் நாற்றங்காலிலிருந்து நாற்றைப் பறித்து வயலில் நடுவதைப் பார்த்திருப்பீர்கள். நாற்றங்காலில் அடுத்த பருவத்துக்கு மீண்டும் விதைக்கலாம். தலையில் அது முடியாது. பின்மண்டையில் எடுத்த இடத்தில் திரும்ப முளைக்காது. நடவு புது முடியை உண்டாக்குவதில்லை; இருப்பதை இடம் மாற்றுகிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் ஏமாற மாட்டீர்கள்.

எண்களில் பார்ப்போம். முற்றிய வழுக்கையில் வெறுமையாகும் பரப்பு சுமார் 200 சதுர சென்டிமீட்டர். அங்கே முன்பு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 70 கொத்துகள் இருந்திருக்கும், மொத்தம் 14,000. பாதி இருந்தாலே கண்ணுக்கு நிறைவாகத் தெரியும் என்பதால் 7,000 போதும் என்று வைப்போம். ஆனால் பின்மண்டை அலங்கோலமாகாமல் ஒருவர் ஆயுள் முழுவதும் எடுக்கக்கூடியது, நல்ல அடர்த்தி உள்ளவருக்கே சுமார் 5,000 முதல் 6,000 கொத்துதான். தேவை எப்போதும் இருப்பைவிட அதிகம். ஆகவே எதை எங்கே, எந்த வயதில் செலவிடுவது என்பதே உண்மையான சிகிச்சை.

என்னோடு பணியாற்றிய ஒருவரின் மகன் 23 வயதில், பள்ளிப் பையனைப்போல நெற்றியைத் தாழ்த்தி முடி நட்டுக்கொண்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மருந்து எதுவும் தொடரவில்லை. நட்ட முடி நிலைத்தது; அதன் பின்னால் இருந்த சொந்த முடி ஆண்டுதோறும் கரைந்தது. இன்று அவருக்கு முன்னால் ஒரு தீவு, பின்னால் வெட்டவெளி. நிரப்ப நாற்றங்காலில் இருப்பும் இல்லை. வீட்டுக்குள்ளும் தொப்பியோடு இருக்கிறார்.

மருமான் கதை

என் மருமானுக்கு அப்போது வயது 24. புகைப்படம் பார்த்துச் சம்மதித்த பெண் வீட்டார் நேரில் பார்த்ததும் பின்வாங்கினார்கள், அதுவும் இரண்டாவது முறையாக. பையன் யாரிடமும் சொல்லாமல் ஒரு நிலையத்தில் 20,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டான். ஒரே நாளில் 4,500 கொத்து, மீதிப் பணம் மாதத் தவணை. அக்கா அழுதுகொண்டே தொலைபேசியில் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும்.

நான் உடன் போனேன். "இருப்பு எவ்வளவு என்று அளந்தீர்களா?" என்றேன். அளக்கவில்லை. "துளையிடுவது யார்?" என்றேன். "டெக்னீஷியன்கள் சார், டாக்டர் மேற்பார்வை" என்றார் வரவேற்பில் இருந்தவர். டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றோம். அன்று அவர் வேறு ஊரில் இருந்தார்.

வெளியே வந்து தேநீர்க் கடையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 6,000-ல் 4,500 இன்றே போனால் மிச்சம் 1,500. நாளை பின்னால் 150 சதுர சென்டிமீட்டர் வெறுமையானால் ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பத்துக் கொத்துதான் மிஞ்சும். தாளைப் பார்த்துக்கொண்டே வெகு நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "முன்பணம் போகட்டும் மாமா" என்றான். போனது போனதுதான், திரும்பி வரவில்லை.

அடுத்து நாங்கள் பார்த்த தோல் மருத்துவர் உடனே கத்தியைத் தொடவில்லை. சிறு உருப்பெருக்கியால் பின்மண்டையை அளந்தார். இரத்தப் பரிசோதனை செய்தார். ஓராண்டுக்கு மேல் மருந்து கொடுத்து, உதிர்வு நின்றதா என்று புகைப்படம் வைத்து ஒப்பிட்டார். 26 வயதில் முன்பகுதிக்கு மட்டும், 50 சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1,800 கொத்து நட்டார். கொத்துக்கு 60 ரூபாய் வீதம் 1,08,000 ரூபாய் ஆயிற்று. பொங்கலன்று கேட்டவர்களுக்கு இதுவே பதில். இடத்துக்கு இடம் இது மிகவும் மாறுபடும்.

அன்று காலை எட்டரைக்குத் தொடங்கி மாலை வரை நீடித்தது. மரப்பு ஊசி போடும்போது வலி; பிறகு இல்லை. மூன்றாம் நாள் நெற்றி வீங்கிக் கண்வரை இறங்கியது; தானே வடிந்தது. பத்து நாளில் பொருக்கு உதிர்ந்தது. ஒரு மாதத்தில் நட்ட முடியெல்லாம் கொட்டிவிட்டது! அக்கா மறுபடி அழுதாள். முடி கொட்டினாலும் வேர் உள்ளே இருக்கும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். நான்காம் மாதம் முளைக்கத் தொடங்கி, ஓராண்டில் முழுப் பலன் தெரிந்தது. மருந்து இன்றும் தொடர்கிறது.

யார் செய்யலாம்?

2016-ல் சென்னையில் முடி நடவு செய்துகொண்ட மருத்துவ மாணவர் ஒருவரே அதன்பின் இறந்துபோனார். 2025-ல் கான்பூரில் ஒரு பொறியாளர் இறந்தபோது, சிகிச்சை செய்தவர் பல் மருத்துவர் என்று செய்தி வந்தது. மரப்பு மருந்து அளவு மீறினால் இதயத்தையும் மூளையையும் தாக்கும். ஒவ்வாமையோ கிருமித்தொற்றோ எவருக்கும் வரலாம். தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் இதற்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. முறையான அறுவைப் பயிற்சி பெற்ற, பதிவு செய்த மருத்துவரே செய்ய வேண்டும் என்றும், பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்பது போதாது என்றும் அதில் இருக்கிறது.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை:

1. செய்யப்போகும் மருத்துவரின் பெயர், பட்டம், பதிவு எண் என்ன? தோல் மருத்துவமா, பிளாஸ்டிக் சர்ஜரியா?

2. துளையெடுப்பதும் குழியிடுவதும் யார் கையால்? அன்று முழுவதும் மருத்துவர் அறையில் இருப்பாரா?

3. என் பின்மண்டை இருப்பு எவ்வளவு? இன்று எடுத்தபின் மிச்சம் எவ்வளவு?

4. அவசரம் நேர்ந்தால் ஆக்சிஜன், மருந்து, மருத்துவமனை வசதி என்ன?

5. என் சர்க்கரை, இரத்த அழுத்தம், ஒவ்வாமை, சாப்பிடும் மருந்துகள் பற்றி நீங்கள் ஏன் இன்னும் கேட்கவில்லை?

6. மருந்தே போதுமா? நடவைத் தள்ளிப்போடலாமா?

"இன்றே கட்டினால் தள்ளுபடி" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். நாற்பது வயதிலும் பின்மண்டை அங்கேயேதான் இருக்கும்; எடுத்துவிட்டால்தான் திரும்ப வராது.

கடைசியாக, பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பையன் கண்ணாடி முன் நின்றால் கேலி செய்யாதீர்கள். என் மருமான் ரகசியமாகப் பணம் கட்டியதற்கு முதல் காரணம், வீட்டில் நாங்கள் எல்லோரும் சிரித்ததுதான். சிரித்தவர்களில் நானும் ஒருவன், இந்தத் தலையை வைத்துக்கொண்டே. அவனை அப்போதே மருத்துவரிடம் அழைத்துப்போயிருந்தால் 20,000 ரூபாயும் ஓராண்டு மன வேதனையும் மிச்சமாகியிருக்கும். சங்கத்தில் யாருக்காவது இது பற்றி மேலும் கேட்க வேண்டுமானால், ஞாயிறு மாலைகளில் நூலகத்தில் இருப்பேன். தூண் ஓரம் தேவையில்லை, மேசையிலேயே பேசலாம்.