தண்டப்பணம் வேறு, நட்டஈடு வேறு

“கேஸ் முடிஞ்சுபோச்சு. அவனுக்குத் தண்டம் அடிச்சாங்க. அடி வாங்குன நமக்கு என்ன கெடச்சிச்சு?” தோட்டங்களில் இப்படிக் கேட்பவர்கள் பலர். அதற்கான விடையை இம்முறை பாடமாக எடுத்துக்கொள்வோம்.

குற்றவாளி கட்டும் தண்டப்பணம் அரசாங்கத்துக்குப் போகிறது. நட்டஈடு பாதிக்கப்பட்டவருக்கே உரியது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 17ஆம் பிரிவு, குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்குமாறு குற்றவாளிக்குக் கட்டளையிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. தவணை முறையிலும் கட்டச் சொல்லலாம். கட்டாவிட்டால் தண்டப்பணத்தைப் போலவே அறவிடப்படும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பொதுவாக நீதிமன்றம் “கட்டளையிடலாம்” என்றுதான் சட்டம் சொல்கிறது. நம்முடைய நட்டம் எவ்வளவு என்பதை எடுத்துச் சொல்லாவிட்டால் நீதவானுக்கு அது எப்படித் தெரியும்?

ஓர் உதாரணம். வேலித் தகராறில் பக்கத்து லயத்துக்காரர் கவ்வாத்துக் கத்தியால் வெட்டி, கொழுந்து பறிக்கும் பெண் ஒருவரின் கை காயப்படுகிறது. ஆறு வாரம் அவருக்குப் பேர் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்வர வாகனக் கூலி, மருந்துச் செலவு, அடகு வைத்த தோடு. இவையெல்லாம் அவருடைய நட்டம்தான். ஆனால் கையில் துண்டு ஒன்றும் இல்லையென்றால் வாய்ப்பேச்சு மட்டும் போதாது.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை:

1. உடனே பொலிஸில் முறைப்பாடு செய்து இலக்கத்தை எழுதி வையுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லி, விளங்கிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.
2. ஆஸ்பத்திரித் துண்டு, மருந்துக் கடை பில், வாகனக் கூலிச் சிட்டை எல்லாவற்றையும் ஒரே உறையில் சேர்த்து வையுங்கள்.
3. வேலைக்குப் போகாத நாட்களைத் தோட்டக் காரியாலயத்தில் எழுத்தில் கேளுங்கள். சம்பளச் சீட்டையும் வையுங்கள்.
4. தீர்ப்புக்கு முன்பே, நட்டஈடு வேண்டுமென்று வழக்கை நடத்தும் பொலிஸ் அதிகாரியிடமோ உங்கள் சட்டத்தரணியிடமோ சொல்லுங்கள்.

பாலியல் வல்லுறவு வழக்குகளில் சட்டம் இன்னும் கடுமையானது. 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சிறைத்தண்டனையோடு நட்டஈடும் விதிக்கப்பட வேண்டும். கட்டத் தவறினால் மேலும் இரண்டு வருடம் வரை சிறை. இப்படிப்பட்ட குற்றங்களை “மானம் போயிடும்” என்று லயத்துக்குள்ளேயே பேசி முடிப்பது, பாதிக்கப்பட்ட பிள்ளைக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம்.

சிறு தகராறுகளிலும் யோசித்து நடக்க வேண்டும். தலைவர் முன்னிலையில் எழுதிய கடதாசி நீதிமன்றக் கட்டளை ஆகாது. அடுத்த மாதம் பணம் தராவிட்டால், அதை வைத்துப் பொலிஸார் அறவிட்டுத் தர முடியாது.

நீதிமன்றம் தரும் தொகை போதாதென்றால் மாவட்ட நீதிமன்றத்தில் தனியாக நட்டஈட்டு வழக்குப் போடலாம். பொதுவாக அதற்குச் சம்பவம் நடந்து இரண்டு வருடம்தான் காலம். குற்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருந்தால் அந்தக் காலம் கடந்துபோகும்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று பின்வாங்க வேண்டாம். வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக உதவுகிறது. நுவரெலியா, பதுளை, கண்டி ஆகிய இடங்களில் அதன் காரியாலயங்கள் உண்டு. போகும்போது மேலே சொன்ன உறையையும் அடையாள அட்டையையும் மறக்காமல் கொண்டு போங்கள்.